மேடை தரும் பாடம்

ஒகேனக்கல்லில் காவேரி பாறைகளின்மீது வீழ்ந்து, நீர்த்திவலைகள் புகையெனக் கிளம்புகின்றன. ‘புகையும் கல்’ என்று பொருள்படும் கன்னடப் பெயர் அவ்விடத்துக்கு வழங்குவது அக்காரணம் பற்றியே. அங்கு அருகில் நிற்பவர் பேசுவதும் செவியில் விழுவதில்லை. அவ்வோசையை எதிர்த்துக் கூவுவதில் பயனொன்றும் இல்லை. நமது பொதுமேடைகளிலோ, ஜனத்திரளின் ஆரவாரத்தினும் உரக்கக் கூவினால் வெற்றி கிட்டும் என்று நம்புவோர் பலர். சங்கீத வித்வான் இம்மயக்கத்துக்கு இடங்கொடுப்பதில்லை. அவர் முதலில் தம்பூராவின் சுருதியைக் கேட்கிறார். பின்னரே வாய் திறக்கிறார். கேளாதவனால் பாட முடியாது என்பதே மேடை கற்பிக்கும் முதற் பாடமாகும்.

இதற்குச் சிறந்த சாட்சி செம்பை வைத்தியநாத பாகவதர். 1896-ல் பிறந்த இவர், ஒலிபெருக்கி பரவாத காலத்திலேயே பெருங்கூட்டங்களுக்குப் பாடியவர். அவருடைய வெண்கலக் குரல் பந்தலின் கடைசி வரிசை வரை சென்றதற்குத் தொண்டையின் வலிமை மட்டும் காரணமன்று. சுருதியோடு இழைந்த குரல் தானே தூரம் செல்லும். சுருதி விலகிய குரல் எவ்வளவு பெரிதாயினும் இரைச்சலாகவே முடியும்.

இரண்டாவது பாடம் பக்கவாத்தியத்தைப் பற்றியது. நம் அன்பர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கத்தில் மகா மேதை; ஆனால் இடக்கையால் வாசிப்பவர். மிருதங்கத்தின் வலந்தலை சபையோரை நோக்கியிருக்க வேண்டுமாயின், அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். வழக்கமாக அங்கே அமரும் பிடில் வித்வான் இடம் மாற வேண்டும். இதற்குச் சிலர் இணங்கவில்லை. ஆகவே அப்பெரும் திறமைக்கு உரிய இடம் எளிதில் கிடைக்கவில்லை. பாகவதர் அவருக்கு ஆதரவாக நின்று, தம் கச்சேரிகளில் வாசிக்கச் செய்தார்.

குற்றம் பிள்ளையவர்களின் கையில் இல்லை. நாம் ஆசனங்களை வகுத்த முறையில் இருந்தது. ‘இதுவே வழக்கம்’ என்ற ஒரு சொல்லைக் காட்டி எத்தனை தகுதியுள்ளோரை நம் சங்கங்களின் வாயிற்படியிலேயே நிறுத்தியிருக்கிறோம்! ஒருவர் சற்று நகர்ந்து அமர்வதால் அவர் பெருமை குறைவதில்லை. நகர மறுப்பதால் சபை முழுவதும் நஷ்டமடைகிறது. பாகவதர் இவ்விஷயத்தில் மதத்தையும் தடையாகக் கொள்ளவில்லை; கிறிஸ்தவ குடும்பத்தில் பிறந்த யேசுதாஸைத் தம் சீடராக ஏற்றார்.

மூன்றாவது பாடம் கடுமையானது. 1951-ல் சென்னை சங்கீத வித்வத் சபை பாகவதருக்குச் ‘சங்கீத கலாநிதி’ விருதளித்துக் கௌரவித்தது. மறு வருஷமே, 1952-ல், அவருடைய குரல் திடீரென்று அடங்கிப்போயிற்று. புகழின் உச்சியில் நின்றவருக்கு மேடையே இல்லாதுபோன நிலையை எண்ணிப் பாருங்கள். சிகிச்சையும் குருவாயூரப்பனிடம் கொண்ட பக்தியுமாக அவர் காத்திருந்தார். குரல் மீண்டது. அதன்பின் தம் சம்பாத்தியத்தைக் குருவாயூர்க் கோயிலுக்கே அர்ப்பணிக்கலானார். குரல் தம் உடைமை என்ற எண்ணம் அகன்று, அது தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்ற உணர்வு பிறந்தது என்றே நாம் கொள்கிறோம். 1974 அக்டோபர் 16-ஆம் தேதி, ஒற்றப்பாலத்தை அடுத்த ஒரு கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்து முடித்த சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. இன்றும் குருவாயூரில் ஆண்டுதோறும் நடைபெறும் சங்கீத உற்சவம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒகேனக்கல் அமைந்துள்ள தர்மபுரி ஜில்லாவிலேயே, பாப்பாரப்பட்டியில் 1925-ல் சுப்பிரமணிய சிவா உயிர் நீத்தார். சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகி, ரயிலில் ஏறவும் தடை விதிக்கப்பட்ட அவ்வீரர், கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊரூராகச் சென்று பேசினார். மேடை அவருக்குப் பதவியாகத் தோன்றவில்லை, கடமையாகவே தோன்றிற்று. ஆதலின் உடலின் தளர்ச்சி அவரைத் தடுக்கவில்லை.

பொது ஊழியத்தில் இறங்கியுள்ள நண்பர்கள் அடுத்த முறை மேடையேறுமுன் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக. பேசுமுன் கேட்டேனா? என் பக்கத்தில் அமரத் தக்கவனுக்கு இடம் விட்டேனா? நாளை இக்குரல் அடங்கிவிடினும் என் பணி நிற்குமா? இவற்றிற்கு நேர்மையாக விடை கூற வல்லவரே மேடைக்கு உரியவர். மற்றையோர் சிறிது காலம் சபையில் அமர்ந்து கேட்டிருப்பது அவர்களுக்கும் நலம், நாட்டுக்கும் நலம்.