தூத்துக்குடியிலிருந்து ஒரு பகல் பயணம்

தூத்துக்குடிக்கு மோட்டாரில் வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், திருச்செந்தூரில் முருகனைத் தரிசிப்பார்கள், ஊர் திரும்பிவிடுவார்கள். கையில் இன்னும் ஒரு பகல் இருக்குமானால், வண்டியை வடமேற்கே திருப்பும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

காலைப் பலகாரம் முடிந்த கையோடு கிளம்பிவிட வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக் கரிசல் காட்டில் வெயில் ஏறிவிட்டால் ஒதுங்க நிழல் அகப்படாது. பழைய கோட்டையைக் கும்பெனியார் 1801-ல் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று கண்ணில் படுவது 1974-ல் எழுப்பிய நினைவுக் கோட்டை. குழந்தைகளிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

பக்கத்திலேயே ஒட்டப்பிடாரம். 1872-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர், கடலே தெரியாத ஊரில் அல்லவா பிறந்திருக்கிறார்!

எட்டயபுரத்தில்தான் அதிக நேரம் தங்க வேண்டும். 1799-ல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பெனியாருக்குத் துணை நின்ற பாளையம் இது. அதே ஊரில்தான் 1882-ல் பாரதியார் பிறந்தார். இந்த விந்தைக்கு என்ன சொல்வது! பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு மணிமண்டபத்துக்கு வாருங்கள். கல்கியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பொதுமக்கள் அளித்த பொருளால் எழுந்து, 1947-ல் ராஜாஜி திறந்துவைத்த மண்டபம் அது.

கோவில்பட்டியில் சாப்பாடும் கடலைமிட்டாயும். அங்கிருந்து தெற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். நடிகர் சிவாஜி கணேசன் 1970-ல் நிறுவிய சிலை அங்கே நிற்கிறது. நேரமில்லை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காலையில் கோட்டையைப் பார்த்தவர்கள் மாலையில் இதைப் பார்க்காமல் திரும்பலாமா? கோவில்பட்டிக் கடைத்தெருவில் அரைமணி குறைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் தூத்துக்குடி வந்து சேரலாம்.