நீதிமன்றப் படிகள் – 9: “எங்க லாயர் சரியா பேசல!”

மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க 14 நாள்தான் கெடு என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கெடுவுக்குள் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் தண்டனை பெற்றவர்களின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி: “எங்க லாயர் சரியா பேசல சார். அதைச் சொல்லி அப்பீல் பண்ணலாமா?”

பண்ணலாம். ஆனால் வழக்கறிஞர் சுமார் என்பது மட்டும் போதாது. அவருடைய திறமைக்குறைவு அப்பட்டமாக இருந்திருக்க வேண்டும். அதனால் நீதி பிறழ்ந்திருக்கவும் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984இல் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கில் இதையொத்த இரட்டை அளவுகோலையே வகுத்தது. எந்தச் சாட்சியை அழைப்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதெல்லாம் வழக்கறிஞரின் உத்தி. தோற்ற பிறகு உத்தியைக் குறை சொன்னால் நீதிபதிகள் எளிதில் ஏற்பதில்லை.

எது அப்பட்டமான தவறு? போதைப்பொருள் கடத்தலுக்கான 39பி பிரிவு வழக்கை எடுத்துக்கொள்வோம். “பை என்னுடையதல்ல, இன்னார் கொடுத்தது” என்று பிடிபட்டவர் ஆரம்பத்திலேயே பெயரும் தொலைபேசி எண்ணும் சொல்லிவிட்டால், அதை விசாரித்துப் பார்ப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. 1996இல் அல்காந்தாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது இது. புலன்விசாரணை அதிகாரி கூண்டில் நிற்கும்போதே, “அந்த ஆளைத் தேடினீர்களா?” என்று குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டு, பிறகு குற்றவாளிக் கூண்டிலிருந்து அதே கதை வந்தால், ‘பிற்பாடு ஜோடித்தது’ என்று தள்ளிவிடுவார்கள். கேட்கப்படாத அந்த ஒரு கேள்வி ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோகக்கூடும்.

வழக்கறிஞரின் இத்தகைய தவறை மேல்முறையீட்டில் நிரூபிக்க சத்தியப்பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். பழைய வழக்கறிஞருக்கும் பதில் சொல்ல வாய்ப்புண்டு. “கட்சிக்காரர் அப்படித்தான் சொல்லச் சொன்னார்” என்று அவர் பதில் தந்தால், மறுக்க உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் விஷயத்தில் பெரிய பதவியும் காப்பாற்றாது. 2022 ஆகஸ்டில் எஸ்ஆர்சி ஊழல் வழக்கின் மேல்முறையீட்டில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் கடைசி நேரத்தில் வழக்கறிஞர்களை மாற்றினார். புதியவர் கேட்ட அவகாசம் மறுக்கப்பட்டது; அவர் வாதிடவில்லை. தண்டனை உறுதியானது. முறையான சட்ட உதவியின்றி நின்றதாக நஜிப் மறுஆய்வு கேட்டபோது, 2023 மார்ச் 31இல் நீதிபதிகளில் நால்வர் மறுத்தனர், ஒருவர் ஏற்றார். அந்த நிலையை நஜிப்பே தேடிக்கொண்டார் என்பது பெரும்பான்மையின் முடிவு.

மீண்டும் 39பி வழக்குக்கு வருவோம். மலேசியாவில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. மரணமா, சிறையா என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். எனவே தண்டனைக் குறைப்பு வாதமும் இப்போது உயிர் காக்கும் வாதம். பணமில்லாத ஏழைக்கு நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் இதையெல்லாம் ஆயத்தம் செய்ய நேரமும் நியாயமான ஊதியமும் பெற வேண்டும். அதை உறுதி செய்வது அரசின் கடமை.

குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள்: முதல் நாளிலேயே நடந்ததை எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகளின் பெயர்களை எழுத்தில் தாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் விசாரணை தொடங்குமுன்பே ஆளை மாற்றுங்கள். தீர்ப்புக்குப் பிறகு சொல்லும் குறையை நிரூபிப்பது மிகக் கடினம்.

(தொடரும்)