தனிமையும் மருந்தும்

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணிகை மலையடிவாரத்தில் காவடி எடுத்து வருவோரின் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். 1960-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இவ்வூர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்திலேயே, மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னுமிடத்தில், 1915-இல் கிறித்தவ சங்கங்கள் பல கூடிக் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவின. 1928-இல் தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து மற்றொன்றைத் தொடங்கினார்.

அக்காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பியிருந்தனர். ஆதலின் நோயாளிகள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தது. உடலுக்கு ஓய்வு கிடைத்தது, உள்ளத்துக்கோ ஓய்வில்லை. பிழைப்போமா என்னும் அச்சம் ஒருபுறம். வீட்டில் அடுப்பு எரிகிறதோ என்னும் கவலை ஒருபுறம். தன் குழந்தையையும் நோய் பற்றியிருக்குமோ என்று தாய் ஏங்குவாள். ஊரார் நம் வாயிலை மிதிப்பார்களா என்று தந்தை நாணுவார். இத்தகையோர்க்கு உறக்கமும் பசியும் குறையும். மனமுடைந்தவர் சிலர் சிகிச்சை முடியுமுன்னரே வெளியேறிவிடுவர். மருந்தை இடையில் விட்டாலோ, எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாய் மாறிவிடக்கூடும். மனத்தைத் தேற்றுதல் மருத்துவத்தின் ஓர் உறுப்பே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்திற்று. ஒரு பகுதியினர் மருத்துவமனையில் தங்கினர். ஏனையோர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. வீட்டிலிருந்தோர் ஏழைகள், ஓய்வும் நல்லுணவும் அவர்களுக்குக் குறைவு. எனினும் அவர்களும் ஏறக்குறைய அவ்வளவே நலம் பெற்றனர் என்று 1959-இல் முடிவு வெளியாயிற்று. அதன்பின், காசநோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரிக்கும் வழக்கம் உலகெங்கும் தளர்ந்தது. புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்ததற்கு இணையான நன்மை இது என்றே சொல்லலாம்.

ஆயினும் நோய் முற்றியவரும், விரைந்து தொற்றும் நோயுடையவரும் மருத்துவமனையில் தனித்து இருந்தே ஆகவேண்டும். அவருக்குப் பொய்யான ஆறுதல் பயன்படாது. “நாளையே வீட்டுக்குப் போகலாம்” என்று கூறினால், நாளை விடிந்ததும் சொன்னவர்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். நோய் இன்னது, மருந்து இத்தனை நாள், உறவினர் இன்ன நாளில் வரலாம் என்று உள்ளதை உள்ளவாறு உரைத்தல் வேண்டும். அதனையும் அவருடைய தாய்மொழியில் உரைத்தல் வேண்டும். எல்லைப்புறத்தில் இது சிறு செய்தியன்று. தமிழறியாத மூதாட்டி ஒருத்தியிடம் செவிலியர் “பாகுன்னாரா அம்மா?” என்று கேட்கும்போது, அவள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியே தனி.

முகமே தெரியாதபடி கவச உடை அணிந்தவர்கள் சூழ்ந்து நின்றால் நோயாளி என் செய்வார்? 2015-இல், எபோலா நோய் பரவிய லைபீரியா நாட்டுக்கு மேரி பெத் ஹெபர்னன் என்னும் அமெரிக்கக் கலைஞர் சென்றார். மருத்துவர், செவிலியர் ஆகியோரின் சிரித்த முகங்களைப் படம்பிடித்து, அவர்தம் கவச உடையின் மார்பில் ஒட்டச் செய்தார். 2020-இல் கொரோனா பரவியபோது வேறு நாட்டு மருத்துவமனைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. நம் நாட்டிலோ, உறவினர் நெருங்கலாகாத அக்கூடங்களில் கைப்பேசியே துணையாயிற்று. எழுந்திருக்க இயலாதவரின் காதருகே செவிலியர் அதனைப் பிடித்து நிற்க, மறுமுனையில் பேரக்குழந்தை பள்ளிக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்.