உஷார்! மண் இல்லாத தோட்டம் போடப் போகிறீர்களா?

பெட்டி வந்து இறங்கிவிட்டதா? வெள்ளைக் குழாய்கள், குட்டிக் குட்டி வலைக் கிண்ணங்கள், ஏ என்றும் பி என்றும் எழுதிய இரண்டு உர பாட்டில்கள், ஒரு பம்பு. எல்லாம் சரி. பிரிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

"மண் வேண்டாம், களை இல்லை, வேலையே இல்லை" என்றுதானே ஹைட்ரோபோனிக்ஸை விற்கிறார்கள்? வேலை எங்கேயும் போய்விடவில்லை.

இதுவரை மண் பார்த்த வேலையெல்லாம் இனி உங்கள் தலையில்!

இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும், மண் ஈரத்தைப் பிடித்து வைத்துச் செடியைக் காப்பாற்றும். உரம் கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். வெயிலில் வேர் வேகாமல் மூடி வைக்கும். மண்ணுக்குப் பதிலாக வரும் தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலையில் பம்பு நின்றால், கோடையில் மாலைக்குள் செடி தலை சாய்ந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். சென்னைதான். ஏப்ரல் மாதம். மேற்குப் பார்த்த பால்கனியில், உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் கீரையும் புதினாவும் வைத்தார். வேர் வளர்வதை மகன் பார்க்கட்டும் என்று ஆசை. முதல் வாரம் பச்சைப் பசேல். இரண்டாம் வாரம் டப்பா முழுக்கப் பாசி. மூன்றாம் வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார்கள். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால், பாசி அடைத்துப் பம்பு நின்றிருக்கிறது. வேரெல்லாம் பழுப்பேறிக் கொழகொழவென்று கிடக்கிறது. சாக்கடை வாடை. தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அழுகிய செடியை எடுக்கிறேன் என்று பையன் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தண்ணீருக்குள் கையை விட்டான். பம்பின் ஒயர் வெடித்திருந்தது. ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. ஷாக்! அந்த வீட்டில் மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஈ.எல்.சி.பி. கருவி இருந்தது. நொடியில் மின்சாரத்தைத் துண்டித்தது. பிள்ளை பிழைத்தான்.

அது இல்லாத வீடாக இருந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

இந்த அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்:

1. தண்ணீர் பச்சையாகிறதா? வெளிச்சம் உள்ளே போகிறது என்று அர்த்தம். பாசி உங்கள் செடியின் உரத்தைத் தின்கிறது. வெளிச்சம் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள்.

2. வேர் பழுப்பாகி வழவழக்கிறதா? நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். சூடான தண்ணீரில் வேர் மூச்சுத் திணறும். அந்த நேரம் பார்த்து அழுகல் நோய் புகுந்துவிடும். மேற்கு வெயில் வேண்டவே வேண்டாம்.

3. அடியில் வெள்ளை வண்டலா? ஏ, பி இரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றியிருப்பீர்கள். ஏ-யில் உள்ள கால்சியம், பி-யில் உள்ள சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து கட்டியாகிப் படிந்துவிடும். அந்தச் சத்துகள் செடிக்குப் போய்ச் சேராது. முதலில் தண்ணீர். அதில் ஏ. நன்றாகக் கலக்கிய பிறகுதான் பி!

4. இலை ஓரம் கருகுகிறதா? உப்பு கூடியிருக்கலாம். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மட்டுமே 1000 பி.பி.எம்.-ஐத் தாண்டும். கீரைக்கு உரம் கலந்த பிறகும் சுமார் 600 முதல் 900 பி.பி.எம். போதும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் இல்லாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

5. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஏறியிருக்கலாம். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏறிவிட்டால் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது.

6. தண்ணீரில் ஏதோ நெளிகிறதா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரை ஒட்டி முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் புழு கொசுவாகப் பறந்துவிடும். உடனே தண்ணீரைக் கொட்டுங்கள். டப்பாவின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது!

7. தண்ணீரைத் தொட்டால் சுரீர் என்கிறதா? தொடாதீர்கள்! மெயினை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பம்பு ஓடும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

இன்னும் மூன்று விஷயம். மறந்துவிடாதீர்கள்.

பி.எச்.-ஐக் குறைக்கத் தருகிற திரவம் அமிலம். அதை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று நீல ட்ரம் வாங்காதீர்கள். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? நாளைக்குச் சாப்பிடப் போகிற கீரை அது!

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் ட்ரம் என்றால் மூன்று பெரிய ஆட்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்பதற்குச் சமம். பழைய பால்கனியில் வரிசையாக அடுக்காதீர்கள். பொறியாளரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

பயந்து கைவிடச் சொல்லவில்லை. சின்னதாக ஆரம்பியுங்கள் என்கிறேன். அந்தப் பெண்ணும் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். டிசம்பர் குளிருக்காகக் காத்திருந்து, மூடி போட்ட கறுப்பு வாளி ஒன்றே ஒன்று. மூடியில் ஓட்டை போட்டு வலைக் கிண்ணம். ஓரத்தில் கொசு நுழைய இடுக்கு விடாமல் பஞ்சால் அடைத்தார். உள்ளே ஒரு லெட்யூஸ். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி பரப்பிய முறை இது. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மேல் வேர் காற்றில் மூச்சு விடும். தண்ணீர் இறங்குகிறதே என்று திரும்ப விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் செத்துவிடும்.

அந்த வாளியில் பம்பு இல்லை. ஒயர் இல்லை. இப்போது அவர் மகன் தினமும் மூடியைத் தூக்கி வேரைப் பார்க்கிறான். அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், பதறாமல்.