கோடும் நெறியும்

அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், திம்புள்ளப் பகுதியை மூடுபனி கவிந்த மாலைப்பொழுதிற் கடந்தவர் அறிவர்: மலையும் மறையும்; மரமும் மறையும்; எதிரே வரும் லொறியின் விளக்கும் மங்கும். அவ்வேளை ஓட்டுநருக்கு எஞ்சும் துணை தார்மேல் ஓடும் வெள்ளைக் கோடேயாகும். அக்கோட்டைக் கையால் இடுவோரின் தொழிலை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

தமிழிற் 'கோடு' பலபொருள் ஒருசொல். வரியும் கோடு, மலைச்சிகரமும் கோடு, வளைதலும் கோடுதலே. நடுவுநிலைமையைக் கூறுமிடத்து வள்ளுவர் ஆண்ட 'கோடாமை'யும் இவ்வழி வந்த சொல்லே. மலைநாட்டு வீதியில் இப்பொருள்கள் யாவும் ஒருங்கே கூடுகின்றன. வழி எத்துணைக் கோடினும், இடும் கோடு நடுவினின்று கோடலாகாது.

முதலில், தும்புத்தடியாலும் கம்பித் தூரிகையாலும் மண்ணையும் பாசியையும் நீக்குவர். சிறிது ஈரமிருப்பினும் தீந்தை பற்றாது உரிந்துவிடும். நேரான வழியில், வெண்கட்டித் தூள் தோய்ந்த கயிற்றை இருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் சுண்டிவிட்டால் தடம் பதியும். வளைவிலோ இழுத்த கயிறு பயன்படாது. அங்கே சில அடிக்கொருமுறை வீதியின் அகலத்தை அளந்து, பாதியிற் புள்ளியிட்டு, புள்ளிகள்மேற் கயிற்றைத் தளர்த்திக் கிடத்துவர். பின்னர் ஒருவர் தொலைவில் நின்று, அதன் ஓட்டத்தைக் கண்ணாற் கண்டு திருத்துவார்.

தடம் அமைந்தபின் தூரிகையாலோ உருளையாலோ தீந்தை பூசுவர். எழுத்துக்களுக்கு வெட்டிய தகரத் தகடு உதவும். ஓட்டுநர் அவற்றைச் சாய்வாகக் காண்பதால் எழுத்துக்களை நீட்டியே அமைப்பர். தீந்தை உலருமுன் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுவதுமுண்டு. வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்புவன அவையே.

சனவரி முதல் மார்ச் வரையான வரண்ட காலத்திலேதான் திம்புள்ளத் தேயிலையின் மணம் சிறக்கும். கோடிடுவோர்க்கும் அதுவே வாய்த்த பருவம். மே மாதமளவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், உலர்ந்த தரைக்காக நாட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும்.

கோட்டின் அருமையை உயிரச்சமே உலகுக்கு உணர்த்தியது. கலிபோர்னியாவில் யூன் மக்கரல் என்னும் பெண் மருத்துவர், 1917இல் ஒரு லொறி தம் வண்டியை வீதியைவிட்டு ஒதுக்கியபின், அதிகாரிகள் தம் கோரிக்கைக்குச் செவிசாயாமையால், தாமே தூரிகை ஏந்தி நடுக்கோடு இட்டார் என்பர். 1924இல் அம்மாநிலம் அம்முறையை ஏற்றுக்கொண்டது.

இன்று உருக்கி இடும் கலவைகளும் பொறிகளும் வந்துள்ளன. ஆயினும் சிறு பணிகளுக்குக் கைத்திறன் இன்னும் வேண்டப்படுகிறது. கரும்பலகையில் யான் இடும் பிழையை ஒரு துணி துடைத்துவிடும். கரிய வீதியில் இட்ட பிழையோ பனியில் வருபவனைப் பள்ளத்துக்கு அழைக்கும். ஓரக்கோடு தேய்ந்தழிந்தால், கொழுந்துக் கூடையுடன் நடக்கும் தாய்க்கும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் காவலாகிய எல்லையே அழிந்ததாகும்.

அவ்வெல்லையை வரைபவனோ, வண்டிகள் வரும் வழியிலேயே குனிந்து நிற்கிறான். அவனைக் காணுமிடத்து வேகத்தைக் குறைத்தல் நம் கடன். அதனை மாணவர்க்குக் கற்பித்தல் ஆசிரியர் கடன்.