பல்லேகலையில் பெய்த மழையும் பனையூரில் அடைபட்ட வாயிலும்

கண்டி மாநகரை விட்டுத் தென்னெக்கும்புறைப் பாலத்தைக் கடந்து மகியங்கனையை நோக்கிச் செல்லும் பெருவழியில், முன்னொரு காலத்தில் நரேந்திரசிங்க மன்னன் மாளிகை அமைத்து வாழ்ந்த குண்டசாலைப் பிரதேசத்தினுள்ளே, மலைகள் சூழ அமைந்திருக்கிறது பல்லேகலை சர்வதேச கிரிக்கெட் மைதானம். 2009இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 35,000 பேரைக் கொள்ளத்தக்க இம்மைதானத்துக்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்ட வேண்டுமென மத்திய மாகாண சபை 2010இல் தீர்மானித்தது. அவருடைய தந்தையார் நடத்திய பிஸ்கட் தொழிற்சாலை இதே பிரதேசத்து நத்தரம்பொத்தையில் இருப்பதை அறிந்தவர்களுக்கு அத்தீர்மானத்தின் நியாயம் விளங்கும். ஆனால் அவ்வாண்டு ஜூலையில் 800ஆவது விக்கெட்டோடு அவர் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட, இங்கே முதல் டெஸ்ட் போட்டி டிசம்பரிலேதான் நடைபெற்றது. தம் ஊர் மைதானத்தில் அந்த மகா வீரர் ஒரு டெஸ்ட் பந்தேனும் வீசவில்லை என்பது கண்டி ரசிகர்களின் மனத்தில் இன்றும் தங்கியிருக்கும் குறை.

அதைவிடப் பெரிய மனக்குறை 2023 செப்டெம்பர் 2ஆந் தேதி வாய்த்தது. ஆசியக் கிண்ணத் தொடரில் இந்தியாவும் பாகிஸ்தானும் இங்கே சந்தித்த அன்று, 66 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த இந்திய அணியை இஷான் கிஷனும் ஹர்திக் பாண்ட்யாவும் முறையே 82, 87 ஓட்டங்கள் எடுத்துக் கரையேற்ற, ஷாஹீன் அப்ரிடி 4 விக்கெட்டுகளைச் சாய்க்க, 266 ஓட்டங்களுடன் முதற்பாதி முடிந்தது. அதன்பின் மழை. பாகிஸ்தானின் துடுப்பாட்டம் தொடங்காமலே போட்டி கைவிடப்பட்டு, இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி பகிர்ந்தளிக்கப்பட்டது. விமானமேறியும் பேருந்தேறியும் வந்து சேர்ந்தவர்கள் பாதி ஆட்டத்தோடு திரும்பினார்கள்.

மழைக்கு யாரைக் குற்றஞ்சொல்வது என்று கேட்கலாம். மழையைக் குற்றஞ்சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செப்டெம்பர் மாதத்துக் கண்டியில் மழை பெய்யக்கூடும் என்பது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. அதே தொடரில் செப்டெம்பர் 10ஆந் தேதி கொழும்பில் இவ்விரு அணிகளும் மீண்டும் மோதியபோது மேலதிக நாள் ஒன்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்த காரணத்தினால், அன்று மழையால் நின்ற ஆட்டம் மறுநாள் தொடர்ந்து, கோலியும் ராகுலும் சதமடிக்க, 228 ஓட்ட வித்தியாசத்தில் முறையாக முடிவடைந்தது. பல்லேகலை ரசிகர்களுக்கு அந்த மறுநாள் கிட்டவில்லை. வானம் இரண்டிடத்திலும் ஒன்றுதான். மனிதர் செய்த ஏற்பாடுதான் வேறு.

அதே செப்டெம்பர் 10ஆந் தேதி மாலையில், கடலுக்கு அப்பால், சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பனையூரில் ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசைநிகழ்ச்சி நடைபெற்றது. ஆகஸ்ட் 12இல் நடக்கவிருந்து மழையால் தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. அத்தள்ளிவைப்பை ரசிகர்கள் பொறுமையோடு ஏற்றார்கள். ஆனால் மறுதேதியில், கையில் நுழைவுச்சீட்டோடு வந்த பலர் வாயிலைக் கூட நெருங்க முடியாமல் நின்றார்கள். சாலையில் வாகனங்கள் அசைவற்று நின்றன. நெரிசலில் பிள்ளைகளைத் தவறவிட்டுத் தேடிய பெற்றோரும், தகாத முறையில் தீண்டப்பட்டதாக மனங்குமுறிச் சொன்ன பெண்களும் உண்டு. ஏற்பாட்டாளர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். உள்ளே வர இயலாதவர்கள் சீட்டின் பிரதியை அனுப்பும்படி ரகுமானே வேண்டிக்கொண்டார். பணம் திரும்பலாம், இளமை முழுவதும் தன்னோடு வந்த பாட்டுகளை அவற்றைப் படைத்தவர் முன்னிலையில் கேட்கப் போகிறோமென்று பல வாரங்களாக ஒருவன் வளர்த்த ஆவலை எந்தக் கணக்கில் திருப்பிச் செலுத்துவது? ரசிகன் வெறும் வாடிக்கையாளன் அல்லன் என்பதை ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடுவதே இத்தகைய துயரங்களுக்கெல்லாம் மூலகாரணமென்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 பெப்ரவரி 9இல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சியிலும், பின்னே நின்ற கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே பாய, நிகழ்ச்சி இடையில் குழம்பியது. அதே மாதம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வில்லி வொங்காவின் சொக்லட் உலகத்தைக் காட்டுவதாக விளம்பரஞ் செய்து, தலைக்கு 35 பவுண் வரை வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய வெறுமையான ஒரு களஞ்சியத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பொலிஸாரை அழைக்க நேர்ந்தது. மேல்நாட்டு நகரங்களில், தமக்குப் பிரியமான படத்தின் பாத்திரங்களைப் போல வேடந்தரித்து மதுச்சாலை மதுச்சாலையாகக் கூட்டமாய்ச் சென்றுவரும் ரசிகர் உலா ஒன்று வழக்கத்தில் உண்டு. நுழைவுச்சீட்டுக்குப் பதிலாகக் கைப்பட்டி அணிந்து வருவோர் எத்தனை பேர் என்பது மதுச்சாலைக்காரருக்கே தெரியாவிட்டால், அங்கும் வரிசையும் சலிப்புமே மிஞ்சும். வேடம் வேறு, கோளாறு ஒன்றே.

இக்கோளாறு பெரும்பாலும் சாதாரண எண்கணக்கைச் சார்ந்தது. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் அரங்கப் படிக்கட்டில் 66 பேர் மடிந்த பின்னர், 1973இல் முதன்முதலாக வெளிவந்த பிரித்தானியாவின் அரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு சுழல்வாயில் வழியாக ஒரு மணி நேரத்தில் 660 பேருக்கு மேல் செல்வதாகக் கணக்கிடலாகாது என்கிறது. அவ்வளவையும் கொண்டே பார்த்தாலும், 35,000 பேர் இரண்டு மணி நேரத்தில் உட்புக 27 வாயில்கள் வேண்டும். பாதி வாயில்களைத் திறந்து வைத்தால் கடைசி ஆள் நுழைய நான்கு மணி நேரம் செல்லும். சீட்டு விற்குமுன் இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கக் கால்மணி நேரம் போதும்.

ரசிகர் பக்கத்திலும் தவறு நேர்வதுண்டு. 2017 ஆகஸ்ட் 27இல் இதே பல்லேகலையில், இந்தியாவின் வெற்றிக்கு 8 ஓட்டங்களே எஞ்சியிருந்த வேளையில் இலங்கையின் தோல்வி தாளாத சிலர் போத்தல்களை வீச, ஆட்டம் அரைமணிக்கு மேல் நின்றது. வருத்தத்துக்குரியது அது. ஆயினும், கூட்டமென்றாலே குழப்பம் என்று கண்டி மக்களைப் பற்றி எவரும் சொல்லிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் வந்திறங்கிய அதே வாரத்திலேதான் எசல பெரஹரா என்னும் ஊர்வலத் திருவிழாவும் நிறைவெய்தியது. கும்பல் பெரஹரா ஐந்து இரவுகள், ரந்தோலி பெரஹரா ஐந்து இரவுகள். பிற்பகலிலேயே நடைபாதையில் பாய்விரித்து இடம்பிடிக்கும் குடும்பங்கள். முன்னே சாட்டையடிப்போர், பின்னே தீப்பந்தம் சுழற்றுவோர், கொடியேந்துவோர், தலதா மாளிகையின் ஊர்வலம், அதன்பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள். எது எப்போது எவ்வழியே வருமென்பது தெருவோரத்தில் கடலை விற்பவனுக்குக் கூடத் தெரியும். மழை தூறினாலும் எவரும் எழுந்து போவதில்லை, ஏனெனில் ஊர்வலம் வந்தே தீருமென்ற நிச்சயம் அவர்களுக்கு உண்டு.

பல்லேகலையில் அடுத்த பெரும்போட்டிக்கு அச்சிடப்படும் நுழைவுச்சீட்டிலும் அந்த நிச்சயத்தைக் கேட்கிறேன்: எந்த வாயில், அது எத்தனை மணிக்குத் திறக்கும், ஆட்டம் முடிந்தபின் கண்டிக்குக் கடைசி பேருந்து எப்போது, மழை பெய்தால் மறுநாள் உண்டா, இல்லையேல் பணம் எந்த வழியில் எத்தனை நாளில் திரும்பும். சீட்டின் பின்புறத்தில் இதற்கெல்லாம் இடமிருக்கிறது.