பக்கப்படி (ஊர்தி)

பக்கப்படி என்பது தரையிலிருந்து உயரமாக அமைந்த ஊர்திகளில் ஏறி இறங்குவதற்காகக் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் பொருத்தப்படும் படி ஆகும். பேச்சு வழக்கில் இது சைடு ஸ்டெப் அல்லது ஃபுட்போர்டு எனப்படுகிறது. ஜீப் முதலிய நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் முதியோரும் சிறுவரும் ஏறுவதற்கு இது பெரிதும் உதவுகிறது.

வரலாறு

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி போன்ற தொடக்ககால மகிழுந்துகளில் பக்கப்படி இன்றியமையாத உறுப்பாக இருந்தது. பின்னர் உடற்கூடு அகன்று தாழ்ந்ததால் மகிழுந்துகளில் இது மறைந்து, உயரமான ஊர்திகளில் மட்டும் நிலைத்தது.

பொருத்தும் முறை

ஏறுபவரின் முழு எடையையும் படி தாங்க வேண்டும். எனவே தனி அடிச்சட்டம் (சேசிஸ்) உள்ள ஊர்திகளில் தாங்கிகள் அடிச்சட்டத்துடனேயே இணைக்கப்படுகின்றன. மெல்லிய உடற்தகட்டில் இணைத்தால் தகடு வளைந்து கிழியும். தயாரிப்பாளர் விட்டுள்ள துளைகளைப் பயன்படுத்துவதே சிறந்தது. புதிய துளை தேவைப்பட்டால் அடிச்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தவிர்க்க வேண்டும். வளைவு விசை அங்குதான் மிகுதி. தடைக்குழாய், எரிபொருள் குழாய், மின்கம்பி ஆகியன மறுபுறம் உள்ளனவா என முன்னரே பார்த்தல் வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மரையாணிகளை மீண்டும் இறுக்க வேண்டும்.

துருப்பிடித்தல்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகியவை சேரும்போது துரு உண்டாகிறது. சக்கரங்கள் வாரியிறைக்கும் சேறு படியின் மேல் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கற்கள் பட்டு வண்ணப்பூச்சும் பெயர்கிறது. குழாய் வடிவப் படிகள் உள்ளிருந்து துருப்பிடிப்பதால், வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தும் திடீரென முறியக்கூடும்.

துருத்தடுப்பு

* துத்தநாகப் பூச்சு: சுமார் 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தல். பூச்சு கீறப்பட்டாலும் துத்தநாகம் தான் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும்.
* தூள் பூச்சு: நிலைமின்னூட்டம் பெற்ற தூளைத் தெளித்துச் சூளையில் சூடாக்குதல். கீறல் விழுந்தால் உடனே பூச வேண்டும்.
* துருப்பிடிக்கா எஃகு: இதிலுள்ள குரோமியம் (குறைந்தது 10.5%) மேற்பரப்பில் காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. ஆயினும் இது அடிச்சட்டத்தின் சாதாரண எஃகை ஈரத்தில் நேரடியாகத் தொட்டால், அடிச்சட்டம் விரைவாக அரிக்கப்படும். இடையே இரப்பர் அல்லது நைலான் வளையம் இடுவது வழக்கம்.

துளையிட்ட விளிம்புகளில் துத்தநாகம் கலந்த முதற்பூச்சு இடுதலும், குழாயின் தாழ்ந்த பகுதியில் நீர் வடிய துளை அமைத்தலும் தேவையானவை.

நாமக்கல், சேலம் பகுதியில்

நாமகிரிப்பேட்டை, கொல்லிமலையையும் போதமலையையும் அண்டிய பேரூராட்சி ஆகும். இத்தகைய மலையடிவார ஊர்களில் தாழ்வான படி ஒரு குறையாகிவிடும். மேடுகளில் தரையை உரசும். அருகிலுள்ள நாமக்கல் சரக்குந்து உடற்கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சேலம் உருக்காலை 1981 முதல் துருப்பிடிக்கா எஃகுத் தகடுகளை உற்பத்தி செய்து வருகிறது.

பாதுகாப்பு

பக்கப்படி ஏறுவதற்கு மட்டுமே உரியது. அதன் அடியில் ஜாக்கி வைத்து ஊர்தியைத் தூக்குவதும், அதில் நின்று பயணம் செய்வதும் ஆபத்தானவை. ஊர்தியின் அகலத்திற்கு வெளியே நீளும் படி, நடந்து செல்வோரை இடிக்கக்கூடும். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

இவற்றையும் பார்க்க

* நான்கு சக்கர இயக்கம்
* அரிமானம்
* நாமகிரிப்பேட்டை